சந்தோசம் யாருடைய கணக்கில்?

உணவகத்தில் பரிமாறியவருக்கோ பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கி உதவியவருக்கோ நாம் கையில் வைக்கும் சிறு தொகையை நம் நாட்டில் ‘சந்தோசம்’ என்கிறோம். சிங்களத்திலும் இதே சொல்தான். எங்கள் வீடுகளில் மூத்தவர்கள் ‘இனாம்’ என்பார்கள். அது அரபு மொழியிலிருந்து வந்தது; அருட்கொடை என்று பொருள். பிரெஞ்சுக்காரரும் ஜேர்மனியரும் ‘குடிப்பதற்கான காசு’ என்று பொருள்படும் சொற்களால் அதை அழைக்கிறார்கள். இப்போது எல்லா மொழிகளுக்குள்ளும் புகுந்துவிட்ட ‘டிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ‘விரைவான சேவையை உறுதிப்படுத்த’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அச்சொல் என்பார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் நம்மில் பலர் படித்திருப்போம். ஆனால் முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் வழக்கம் பரவுவதற்கு வெகுகாலம் முன்னரே, 17 ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்துக் கள்வர்களின் குழூஉக்குறியில் ‘கொடு’ என்ற பொருளில் இச்சொல் வழங்கியிருக்கிறது. நன்னூலில் குழூஉக்குறி படித்த நமக்கு இது வியப்பாக இராது.

பெயர்கள் எல்லாம் கொடையைக் குறிப்பவை. பொருளியல் வகுப்பிலே இதை எங்கே வைப்பது? உழைப்புக்குக் கிடைப்பது கூலி. எந்த உழைப்பும் பெறாமல் கொடுப்பது மாற்றல் கொடுப்பனவு. பரிசாரகரின் சந்தோசம் இவற்றில் எது என்று நான் கேட்டபோது, ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. “ஐக்கிய அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறதென்று தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். தேடியதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

இன்று உலகிலேயே அதிகமாக டிப்ஸ் கொடுக்கும் நாடு என்று அறியப்படும் அமெரிக்கா, ஒரு காலத்தில் இவ்வழக்கத்தை வெறுத்த நாடு. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சுற்றுலாப் போய்வந்த செல்வர்களே இதைக் கொண்டுவந்தார்கள். பிரபுவும் வேலைக்காரனும் என்ற பழைய உறவைக் குடியரசு ஒன்றுக்குள் இறக்குமதி செய்வதாகப் பலர் கொதித்தார்கள். 1909 இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே இயற்றியது. மேலும் ஐந்து மாநிலங்கள் அவ்வழியில் சென்றன. 1916 இல் வில்லியம் ஸ்கொட் என்பவர் இவ்வழக்கத்தைச் சாடி ஒரு நூலே எழுதினார். ஆனால் 1926 அளவில் அச்சட்டங்கள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன.

வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம், அது முதலாளிகளுக்கு இலாபமாக இருந்தது. புல்மன் என்ற கம்பனி இரவுப் புகையிரதங்களில் படுக்கைப் பெட்டிகளை நடத்தியது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை அது பணியாளர்களாகச் சேர்த்தது. சம்பளம் மிகச் சொற்பம். மீதியைப் பயணிகளின் கையிலிருந்து அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும். கம்பனி நிறுவுநரின் பெயர் ஜோர்ஜ் புல்மன் என்பதால், பயணிகள் அப்பணியாளர் எல்லோரையும் ‘ஜோர்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். அடிமைக்கு எஜமானின் பெயரை இட்டு அழைத்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. வயிற்றுப்பாட்டுக்காக அந்தப் பெயருக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. 1925 இல் ஏ. பிலிப் ரண்டொல்ஃபின் தலைமையில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். கம்பனியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாக 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! அவர்கள் கேட்டது அதிக டிப்ஸ் அல்ல, சரியான சம்பளம் என்பதைக் கவனியுங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் ஆகக்குறைந்த வேதனத்தை 1938 இல் ஏற்படுத்தியது. 1966 இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு, முழு வேதனத்தையும் தொழில் தருநரே கொடுக்கத் தேவையில்லை, ஒரு பகுதியை டிப்ஸிலிருந்து ஈடுசெய்யலாம் என்பது அத்திருத்தம். இன்று பொதுவான ஆகக்குறைந்த வேதனம் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர், 2009 இலிருந்து அது மாறவில்லை. டிப்ஸ் பெறும் ஊழியருக்குத் தொழில் தருநர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2.13 டொலர் மாத்திரமே. அது 1991 இலிருந்து மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 ஐ எட்டாவிட்டால் குறையும் தொகையைத் தொழில் தருநர் நிரப்ப வேண்டும்.

இப்போது கழித்துப் பாருங்கள். 7.25 இலிருந்து 2.13 போனால் 5.12. ஒரு மணித்தியாலத்தில் ஒரு பரிசாரகப் பெண்ணுக்கு 5.12 டொலர் டிப்ஸ் கிடைக்கிறது என்று வைப்போம். அவளுடைய வருமானம் 7.25. அந்த மணித்தியாலத்தில் யாருமே ஒரு சதமும் கொடுக்கவில்லை என்று வைப்போம். முதலாளி நிரப்ப வேண்டும். அப்போதும் அவளுடைய வருமானம் 7.25 தான்! அப்படியானால் வாடிக்கையாளர் மேசையில் வைத்த முதல் 5.12 டொலர் யாருக்குப் போயிற்று? கையில் வாங்கியவள் அவள். மிச்சம் பிடித்தவர் முதலாளி. ‘உனக்குத்தான்’ என்று நாம் நீட்டும் பணம் அவளைத் தொட்டுவிட்டு இன்னொருவரின் கணக்கில் போய் உட்காருகிறது. 5.12 க்கு மேலே வருவதுதான் உண்மையில் அவளுடைய மேலதிக வருமானம்.

எல்லா மாநிலங்களும் இப்படியல்ல. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உட்பட ஏழு மாநிலங்கள் டிப்ஸைக் காட்டி வேதனத்தைக் குறைக்க இடமளிப்பதில்லை. வேறு பல மாநிலங்கள் 2.13 ஐ விட உயர்ந்த தொகையை வைத்திருக்கின்றன. முதன்முதலில் டிப்ஸைத் தடைசெய்த வாஷிங்டன் இந்த ஏழுக்குள் இருப்பதைப் பார்த்தபோது எனக்கொரு சின்னத் திருப்தி.

வாடிக்கையாளர்களின் மனக்குறையும் சாதாரணமானதல்ல. முன்பு பில்லில் 15 வீதம் போதுமாயிருந்தது; இப்போது 18, 20 என்று எதிர்பார்க்கிறார்கள். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் மட்டுமிருந்த வழக்கம், கோப்பி வாங்கும் கவுண்டருக்கும் பேக்கரிக்கும் வந்துவிட்டது. காசாளர் தொடுதிரையை நம் பக்கம் திருப்புகிறார். அதில் 18, 20, 25 என்று பெரிய கட்டங்கள். ‘டிப்ஸ் இல்லை’ என்பது கீழே சிறிய எழுத்தில். எதிரே காசாளர், பின்னால் வரிசை. எந்தக் கட்டத்தைத் தொடுகிறோம் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பியூ ஆய்வு நிலையம் 2023 இல் நடத்திய கருத்துக்கணிப்பில், ஐந்து வருடங்களுக்கு முன்பிருந்ததைவிட இப்போது அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்று 72 வீதமானோர் சொன்னார்கள். வெட்கத்தால் கொடுப்பதை எந்த மொழியிலும் சந்தோசம் என்று சொல்ல முடியாது.

வீதக் கணக்கிலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 10 டொலர் தோசையைக் கொண்டுவந்து வைப்பவருக்கு 2 டொலர், 50 டொலர் மாட்டிறைச்சித் துண்டைக் கொண்டுவந்து வைப்பவருக்கு 10 டொலர். நடந்த தூரம் ஒன்று, தட்டின் பாரம் ஏறக்குறைய ஒன்று.

‘நல்ல சேவைக்குப் பரிசு’ என்ற வாதமும் ஆய்வில் நிற்கவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். சேவை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் எவ்வளவு டிப்ஸ் கிடைத்தது என்பதற்கும் இடையிலான தொடர்பு மிகச் சிறியது என்பது அவரது முடிவு. 1996 இல் வெளியான வேறோர் ஆய்வு இன்னும் சுவையானது. பில்லின் பின்பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பெண் பரிசாரகர் வரைந்தபோது டிப்ஸ் கூடியது. ஆண் வரைந்தபோது கூடவில்லை. பெண்ணின் சிரிப்புக்கு விலை போடப்படுகிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். சம்பளம் வாடிக்கையாளரின் கையில் இருக்கும்போது, அநாகரிகமாகப் பேசுகிற ஒருவரிடமும் அவள் முகம் சுளிக்க முடியாது. இது பெண்கள் கல்லூரிச் சஞ்சிகை என்பதால் இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன்.

அப்படியானால் டிப்ஸை நிறுத்திவிட்டால் என்ன? நியூயோர்க்கில் பல உணவகங்களை நடத்தும் டனி மேயர் 2015 இல் அதைத்தான் அறிவித்தார். டிப்ஸ் வேண்டாம், உணவின் விலையிலேயே எல்லாம் அடக்கம், சமையலறை ஊழியருக்கும் நியாயமான சம்பளம் என்றார். விலைப்பட்டியலில் விலைகள் உயர்ந்தன. டிப்ஸோடு சேர்ந்தால் முன்பும் ஏறத்தாழ அதே தொகைதான். என்றாலும் கண்ணுக்குத் தெரியும் விலை மனிதரைப் பயமுறுத்துகிறது. அதிகம் சம்பாதித்த பரிசாரகர் சிலர் வேறிடம் தேடிப் போனார்கள். 2020 இல் அவர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பக்கத்துக் கடை பழைய வழியில் நடக்கும்போது ஒருவர் மட்டும் மாறுவது கடினம். பிரான்ஸில் சேவைக்குரிய தொகை எல்லா உணவகங்களிலும் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. யப்பானில் டிப்ஸ் கொடுத்தால் மீதிக்காசை மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து தருவார்கள் எனப் போய்வந்தவர்கள் சொல்வதுண்டு. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 1 முதல், டிப்ஸும் சேவைக் கட்டணமும் கழிவு எதுவுமின்றி ஊழியருக்கே சேர வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டிலே சற்றுப் பெரிய உணவகத்துக்குப் போனால், பில்லின் அடியில் சேவைக் கட்டணம் 10 வீதம் என்றிருக்கும். 6,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 600 ரூபா. பிறகு வரி. அதன்பிறகும் பில் வைத்த தட்டு மேசையிலேயே இருக்கும். எடுத்துப் போக வந்தவர் சற்றுத் தாமதித்து நிற்பார். “சேவைக் கட்டணம் என்று எடுத்தாச்சே, பிறகென்ன சந்தோசம்?” என்று வாப்பா வாகனத்தில் ஏறியதும் முணுமுணுப்பார். அது அவருக்கு மட்டுமுள்ள குறையல்ல.

மேசையின் மறுபக்கத்திலிருந்து எனக்கு இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். என் சாச்சா தெற்குக் கரையோர ஹோட்டல் ஒன்றில் பரிசாரகர். சேவைக் கட்டணமாகச் சேரும் தொகையை மாத முடிவில் ஊழியர்களுக்குப் பங்கிடுகிறார்கள். சுற்றுலாப் பருவத்தில் அந்தப் பங்கு அவரது அடிப்படைச் சம்பளத்தையே மிஞ்சிவிடும். பருவம் முடிந்தால் சுருங்கிவிடும். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்த பிறகு அறைகள் வெறிச்சோடின. மூச்சுவிட்டு எழுவதற்குள் 2020 இல் விமான நிலையமே மூடப்பட்டது. ஆள் இல்லாவிட்டால் பில் இல்லை, பில் இல்லாவிட்டால் பத்து வீதமும் இல்லை. வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டபோது, அவர்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே பார்த்தார்கள். “சீசன்ல நாங்க பணக்காரன் மகள், மத்த மாசத்தில கடைக்காரன்ட கொப்பிதான் கதை” என்பார் சாச்சா, சிரித்துக்கொண்டே.

பொருளியலில் நாம் படிப்பது, இடரைத் தாங்குபவர் முயற்சியாளர், அதற்கான வெகுமதியே இலாபம் என்று. சாச்சாவுக்கு இலாபத்தில் பங்கு இல்லை. இடரில் மட்டும் பங்கு உண்டு.

இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் வரும் ஒரு சம்பவம் இங்கே எனக்கு நினைவுக்கு வந்தது. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தன் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அது பொதுப்பணியில் இருப்போருக்கான எச்சரிக்கை. வேலையைச் செய்யச் சந்தோசம் கேட்கும் அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்தும். அங்கே சந்தோசம் என்பது இலஞ்சத்தின் செல்லப்பெயர். பரிசாரகரைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் யாருமல்ல. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன். சாச்சா வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பத்து வீதம் வந்திருக்காது. அவர் நின்றார், நடந்தார், சுமந்தார், அதனால் வந்தது. எனவே அது கூலி. கூலி என்றால் கொடுக்க வேண்டியவர் யார், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்; விருந்தாளியின் மனநிலைக்கோ மழைக்கோ விடக்கூடாது.

எரிச்சலில் தட்டை வெறுமையாக விட்டுவருபவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் கல்லாப் பக்கம். அடிபடுபவர் தட்டெடுக்க வந்தவர். கொடுத்துவிட்டுக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் பில்களில் 10 வீதம் என்று அச்சாகிறது, அது யாருக்குப் போகிறதென்று அச்சாவதில்லை. ஒரு வரிக்கு இடமா இல்லை? அதுவரை, பில்லோடு வருபவரிடம் “இந்தச் சேவைக் கட்டணம் உங்களுக்குக் கிடைக்குமா?” என்று மெதுவாகக் கேட்கலாம். நான் கேட்ட இரண்டு இடங்களில் ஒருவர் “கிடைக்கும், மாதக் கடைசியில்” என்றார். மற்றவர் கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.