செஸ்டர்ஃபீல்டின் முறுக்குக் கோபுரம்

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் செஸ்டர்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்குள்ள பரிசுத்த மரியாள், சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தின் கூர்ங்கோபுரத்தை முதல்முறை பார்ப்பவர்கள், "யாருங்க இதைப் பிடிச்சுத் திருகினது?" என்றுதான் கேட்பார்கள். உயரம் 228 அடி. 45 டிகிரி அளவுக்கு முறுக்கிக்கொண்டு, உச்சி நடுக்கோட்டிலிருந்து ஒன்பதரை அடி விலகி நிற்கிறது!

சாத்தான் மேலே உட்கார்ந்து வாலைச் சுற்றினான் என்பது ஊர்க்கதை. அது இருக்கட்டும். சிவில் படிக்கிற நமக்கு வேண்டியது காரணம்.

ஆலயத்தின் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டு வேலை. கீழே கல் கோபுரம். அதன்மேல் ஓக் மரச் சட்டங்களால் எட்டுப்பட்டைக் கூம்பு. அதற்கு ஈயத் தகட்டுப் போர்வை. கூம்பு எழுந்தது 1360-களில். 1348-49-இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோயிருந்தது. கைதேர்ந்த தச்சர்களும் அதில் போனார்கள். அனுபவம் குறைந்தவர்கள் கட்டினார்கள் என்று சொல்வார்கள்.

பச்சை மரம் போட்டதுதான் தப்பு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகத்தான் அறுத்துப் பொருத்தினார்கள். காய்ந்த ஓக் லேசில் உளிக்கு மசியாது. அப்படிக் கட்டிய கோபுரங்கள் எல்லாம் முறுக்கிக்கொள்ளவில்லையே!

குறை, உள்ளே கிராஸ் பிரேசிங் போதாமல் போனதில் இருக்கிறது. நாலு குச்சியை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்களேன், படுத்துவிடும். குறுக்கே ஒரு குச்சி அடித்துவிட்டால் அசையாது. முதல் வருஷ மெக்கானிக்ஸ் பாடம்தான்! அந்தக் குறுக்குச்சட்டம் போதாத கூம்பின் தலையில் சுமார் 33 டன் ஈயம். மரம் காயக் காயச் சுருங்கி வளையும்போது, எதிர்த்துப் பிடிக்க ஆளில்லை.

வெயிலும் சேர்ந்துகொண்டது என்பார்கள். ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஈயம் மீட்டருக்கு 0.029 மில்லிமீட்டர் நீளும். எஃகைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே வெயில் விழுவது தெற்குப் பக்கம். அந்தப் பக்கத் தகடு அதிகம் நீளும். ஆறினால் முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. இத்தனை நூற்றாண்டு இது நடந்தால்?

இதில் கண்ணை ஏமாற்றும் சங்கதியும் உண்டு. தகடுகளை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால், உள்ளதைவிட முறுக்கு அதிகமாகத் தெரியும்.

1961-இல் ஆலயத்தில் தீப்பிடித்தது. பழைய ஆர்கன் எரிந்துபோனது. மேலே அத்தனையும் காய்ந்த மரம், உருகுகிற ஈயம். தீயணைப்புப் படையினர் கோபுரத்துக்கு ஏறவிடாமல் தீயை அணைத்தார்கள். அறுநூறு வருஷத்துக் கோணல் அப்படியே பிழைத்தது.