மரம் புரட்டும் தம்பிக்கு



கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு ஓப்பநாயக்கவுக்கே திரும்பி வந்து விறகு கொந்தரப்பில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சேர்ந்த கையோடு பச்சை ரப்பர் கட்டை ஒன்றைத் தன்னந்தனியாகத் தோளில் ஏற்றிக் காட்டினாயாம், ஆட்கள் கைதட்டினார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கைதட்டியவர்களில் ஒருவனாவது நாளைக்கு உன் முதுகுக்கு எண்ணெய் தேய்க்க வருவானா என்று கேட்டுப் பார்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓரடி விட்டமும் ஆறடி நீளமும் உள்ள பச்சை ரப்பர் கட்டை நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழில் தாபனம் 1967லேயே பரிந்துரை செய்தது. அமெரிக்காவில் 1991இல் போட்ட கணக்கு இன்னும் கடுமையானது. சமதரை, நல்ல பிடி, உடம்போடு ஒட்டிய பாரம் என்று எல்லாம் தோதாக அமைந்தாலும் 23 கிலோதான் என்றார்கள். நம் மலையில் என்ன தோது இருக்கிறது? காலடியில் வழுக்கும் மண், கணுக்காலில் அட்டை, ஆளைக் கீழே இழுக்கும் சரிவு. இந்தக் கட்டையைத் தூக்க முடியுமா என்று கேட்கிறவன் இன்னும் தொழில் பழகவில்லை. தூக்காமல் எப்படிப் போகவைக்கலாம் என்று யோசிக்கிறவன்தான் மரக்காரன்.

நீ சேர்ந்திருக்கும் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்துகொள். ரப்பர் மலை ஒன்று ஏறக்குறைய முப்பது வருஷம் நின்ற பிறகு மறு நடுகைக்குப் போகும். மேலே அறுத்துவிட்டு வேரை மண்ணில் விட்டால் வெள்ளை வேர் நோய் அடுத்த கன்றுகளையும் பிடிக்கும். அதனால்தான் மரத்தை வேரோடு சாய்க்கிறார்கள். முன்பு அதற்கும் கையால் இயக்கும் வின்ச்தான். இப்போது பெக்கோ மெஷின் வந்து தள்ளிவிட்டுப் போகிறது. நல்ல அடிமரம் மர ஆலைக்கு, மிச்சம் விறகாகத் தேயிலை ஸ்டோருக்கு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்தாவது வேண்டும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அந்தக் கொழுந்தைக் காயவைக்க ஒன்றரைக் கிலோ அளவில் விறகும் எரிகிறது. அதை யாரும் பேசுவதில்லை. அவ்வளவு விறகும் யாரோ ஒருவன் கையைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறது. செயின்சோ வெட்டும் நேரத்தைக் குறைத்தது உண்மைதான், ஆனால் வெட்டிய கட்டையை அது ஓர் அங்குலமும் நகர்த்தித் தராது. 2022இல் பெற்றோல் இல்லாமல் அந்த மெஷினும் மூலையில் கிடந்தது. அந்த வருஷம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது, விறகை மறந்திருந்த டவுன் வீடுகளும் கோடரியைத் தேடின.

இனிச் சாமான்களுக்கு வருகிறேன். எல்லார் வீட்டிலும் கிடக்கும் அலவாங்கை நீ குழி தோண்டவும் கல் பெயர்க்கவும் மட்டும் என்று நினைத்திருப்பாய். கட்டைக்கடியில் அதன் முனையைக் கொடுத்து, முட்டுக்கல்லைக் கட்டைக்கு எவ்வளவு கிட்ட வைக்கிறாயோ அவ்வளவு பாரம் குறையும். ஐந்தடி அலவாங்கில் முனையிலிருந்து அரையடியில் முட்டுக்கல் இருந்தால், நீ கொடுக்கும் பத்துக் கிலோ அழுத்தம் மறுமுனையில் தொண்ணூறு கிலோவாகப் போய்ச் சேரும். புதிதாக வருகிற பையன்கள் கல்லைத் தூரத்தில் வைத்துவிட்டு அலவாங்கின்மேல் ஏறிக் குதிப்பார்கள். மழைக்கு இளகிய மண்ணில் கல் புதையும், அதற்கடியில் ஒரு பலகைத் துண்டு போடு. அழுத்தும்போது முகத்தை அலவாங்குக்கு நேர் மேலே கொண்டுபோகாதே. நழுவினால் அது தாடைக்குத்தான் வரும்.

அலவாங்கு கிளப்பும், ஆனால் நன்றாகப் புரட்டாது. புரட்டுவதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. நம் பக்கத்துக் கடைகளில் அதை நான் கண்டதில்லை. நாலடிக் கைத்தடி, அதன் அடிப்பக்கத்தில் ஒரு போல்ட்டில் தளர்வாக ஆடும் வளைந்த கொக்கி, அவ்வளவுதான். கொக்கித்தடி என்றே நான் சொல்லிப் பழகிவிட்டேன். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஆறுகளில் மரம் மிதக்கவிட்ட காலத்தில் ஆட்கள் வைத்திருந்த தடியில் கொக்கி நாலா பக்கமும் அலைந்து, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். ஜோசப் பீவி என்ற கொல்லர் 1850களின் பிற்பகுதியில் அதை மேலும் கீழும் மட்டும் ஆடும்படி பூட்டி, தடியின் நுனியில் ஒரு கூரும் வைத்தார். இன்றைக்கும் அது அவர் பெயரிலேயே விற்கிறது. எந்தப் பொறியியல் படிப்பும் இல்லாமல், வேலை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொல்லர் செய்த திருத்தம் அது.

நம் கொல்லரும் செய்வார். லொறியின் பழைய ஸ்பிரிங் பட்டை கொடுத்தால் போதும். அவருடைய பட்டடையே ஒரு துண்டு தண்டவாளம்தான். களனிவெளிச் சின்ன ரயில் ஓப்பநாயக்க வரைக்கும் வந்துகொண்டிருந்தது என்றால் உன் வயதுப் பையன்கள் நம்பமாட்டார்கள். இரண்டரையடி அகலப் பாதை, 1976இல் மூடினார்கள். அதற்குப் பிறகு ரப்பரும் தேயிலையும் விறகும் எல்லாம் லொறிதான். கொல்லரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: கொக்கியின் முனையை அதிகம் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டாம். கண்ணாடிபோல் கடினமானால் குளிர்ந்த காலையில் முறிந்து தெறிக்கும்.

கொக்கி கட்டையின் அந்தப் பக்கத்தைக் கவ்வ, தடியின் அடி இந்தப் பக்கத்தில் ஊன்ற, நீ தடியை உயர்த்துகிறாய். பாரம் ஏற ஏற கொக்கி இன்னும் ஆழமாகக் கடிக்கும். ஆனால் நனைந்த ரப்பர் மரத்தில் ஒரு சனியன் உண்டு. கொக்கி பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு வரும், பட்டை பாலோடு உரிந்து வழுக்கும், கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கடிக்கப்போகும் இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பட்டையைக் கத்தியால் சீவிவிடு, பிறகு பார். ஆலைக்குப் போகும் மரமென்றால் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே கொக்கி போடு. நடுவில் குத்தினால் பலகையில் ஓட்டை தெரியும், அந்த ஓட்டைக்கு உன் கொந்தரப்புக்காரர் விலை குறைத்துவிடுவார். தடியை நெஞ்சுக்கு நேரே பிடிக்காதே. கட்டை திடீரென்று திரும்பினால் தடி விலாவில் அடிக்கும். கைவிட்டு ஒதுங்க இடம் வைத்துக்கொண்டு நில்.

எங்கே நிற்பது என்பது சாமானைவிடப் பெரிய விஷயம். கட்டைக்குக் கீழ்ப்பக்கம் ஒருபோதும் நிற்காதே. ஒரு நிமிஷம், கயிறு எடுக்க, செருப்பை எடுக்க என்று எதற்காகவும் வேண்டாம். புரட்டுவதற்கு முன் கட்டை போகிற வழியில் முதலில் நீ நடந்து பார். நம் பக்கத்தில் இதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மாணிக்கம் தோண்டிவிட்டு மூடாமல் போன பழைய குழிகள் கெகில்லச் செடி மூடி மறைந்து கிடக்கும். கட்டை அதில் விழுந்தால் பரவாயில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறவன் விழக்கூடாது. (கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்வது எப்போதும் முட்டாள்தனம், ஒரு மரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி நழுவவிட்டால் ஒரு பையனே பெரிய கட்டையைத் தாங்குவான்.) கயிறே இல்லாமல் சரிவில் விட்டால் என்ன என்று கேட்பாய். ஆனைமலையில் டாப்ஸ்லிப் உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் வழுக்கவிட்டே கீழே அனுப்பினார்கள் என்பார்கள். அங்கே கீழே காடு. நமக்குக் கீழே தேயிலை, தண்ணீர் ஓடும் கான், அதற்கும் கீழே லயத்துத் தகரக் கூரை.

உன் செட்டில் பாதிப் பேர் சிங்களப் பையன்கள் என்று அறிந்தேன். நல்லதுதான். ஆனால் ஒருவன் "தள்ளு" என்று கத்த, இன்னொருவன் "நவத்தன்ன" என்று கத்த, நடுவில் நிற்பவன் எதைக் கேட்பான்? காலையில் வேலை தொடங்குமுன் குரல் கொடுக்க ஒரே ஆளை வையுங்கள். நிறுத்தச் சொல்ல ஒரே சொல். அதை மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்று பேசிவையுங்கள்.

லொறிக்கு ஏற்றும்போதுதான் ஆட்கள் மறுபடியும் தோளைக் கொடுப்பார்கள். நீ கொடுக்காதே. லொறித் தட்டிலிருந்து தரைக்கு இரண்டு உறுதியான மரங்களைச் சாய்த்து வை. இரண்டு தும்புக்கயிறுகளின் ஒரு நுனியை லொறியிலேயே கட்டு. கயிற்றைக் கீழே விட்டு, கட்டைக்கு அடியால் கொண்டுபோய், மேலால் திருப்பி, லொறியில் நிற்கும் இருவர் கையில் கொடு. அவர்கள் இழுக்க, கட்டை கயிற்றுக்குள்ளேயே உருண்டு ஏறும். இரண்டடி கயிறு இழுத்தால் கட்டை ஓரடிதான் ஏறும். அதற்குப் பதிலாகப் பாரம் பாதியாகிறது. முழுச் சூத்திரமும் இதுதான். பாய்மரக் கப்பல்காரர்கள் பீப்பாயை ஏற்றியதும் இப்படித்தான். கட்டையின் அடிப்பக்கம் பருமன், நுனிப்பக்கம் மெலிவு. ஒரே சுற்றில் அடிப்பக்கம் முந்திக்கொண்டு கோணலாகும். அந்தப் பக்கம் இழுக்கிறவன் கொஞ்சம் பொறுத்து, நுனிக்காரன் எட்டிப் பிடிக்க விட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நிற்கும் ஒருவன் கட்டைக்குக் கீழே ஆப்புச் செருகிக்கொண்டே வரட்டும், ஆனால் கையை அடியில் விடாமல். இரண்டு சாய்வு மரங்களுக்கும் நடுவில் ஈ காக்கை இருக்கக்கூடாது.

பிளந்த விறகுக்கு வேறு சாமான். தலை தேய்ந்துபோன கோடரியைக் கொல்லரிடம் கொடுத்து வாயைக் கிளிமூக்காக அடிக்கச் சொல். அதை விறகில் லேசாகக் கொத்தி இழுத்தால், ஒவ்வொரு கட்டைக்கும் குனிந்து நிமிர வேண்டியதில்லை. ஜப்பானியக் காட்டு ஆட்கள் இதே மாதிரி ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். மூக்கு அதிகம் வளைந்தால் கொத்தியது கழலாது. வளைவே இல்லாவிட்டால் இழுக்கும்போது நழுவும். இரண்டு மூன்று தரம் கொல்லரிடம் நடக்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதே. இன்னொன்று, மழை விட்ட நாட்களில் மலையிலேயே பிளந்து, கட்டை போட்டு நிலத்தில் படாமல் அடுக்கிவிடு. பச்சை விறகில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஏன் நீ ரோட்டு வரைக்கும் சுமக்கிறாய்? யார் (கெஜம்) கணக்கில் அளந்து காசு தருவதால் ஈரத்தால் உனக்கு லாபமும் இல்லை, ஸ்டோர் அடுப்புக்கோ அது நட்டம்.

இவ்வளவும் ஆண்கள் செய்கிற வேலையைப் பற்றித்தான் எழுதினேன். தோட்டத்தில் விறகு சுமக்கிறவர்களில் அதிகம் பேர் யார்? கவ்வாத்து மலையில் வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டி, சும்மாடு வைத்து, கொழுந்துக் கூடை இறக்கிய அதே தலையில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வருகிற பெண்கள். அவர்களுக்கு எந்தக் கொல்லரும் எதையும் அடித்துக் கொடுக்கவில்லை. அவர்கள் கட்டுக் கட்டுவதைப் போய்ப் பார். பருமனான அடிகளை ஒரே பக்கம் சேர்க்காமல் மாற்றி மாற்றி அடுக்கி, கட்டின் நடுவைக் கையாலேயே நிறுத்துப் பார்த்துப் பிறகுதான் முடிச்சைப் போடுவார்கள். நடக்கும்போது அவர்களுக்குக் கஷ்டம் குறைவு; நிலத்திலிருந்து தலைக்கு ஏற்றுவதும் தலையிலிருந்து இறக்குவதும்தான் கழுத்தை வாங்குகிறது. அதனால்தான் வழியில் யாராவது கை கொடுக்கும் வரை காத்து நிற்பார்கள், அல்லது இறக்காமலே வீடு வரை வருவார்கள்.

தமிழ்நாட்டில் பழைய பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் என்று நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நாட்டுவது வழக்கம். பாரத்தை நிலத்தில் இறக்காமல் அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு யார் கையும் இல்லாமல் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மரம் நகர்த்தும் சாமான்களில் இதைவிடக் கெட்டிக்காரச் சாமான் எனக்குத் தெரியவில்லை. அது அசைவதுகூட இல்லை. நம் முன்னோர் கடல் தாண்டி வரும்போது முனியாண்டியையும் மாரியம்மனையும் கொண்டுவந்தார்கள், இதை எப்படி விட்டுவந்தார்களோ. கவ்வாத்து மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் பாதையில், அந்தக் கொங்கிறீட் படிக்கு மேலே உள்ள திருப்பத்தில், கவட்டை உள்ள இரண்டு கட்டைகளை நட்டு, குறுக்கே ஒரு மரம் வைக்க உனக்கும் உன் செட்டுக்கும் அரை நாள் போதும். ரப்பர் மரத்தில் செய்யாதே, ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். பழைய தண்டவாளத் துண்டு கிடைத்தால் அது நல்லது. உயரத்தை நீ முடிவு பண்ணாதே. உன் அம்மாவையும் பக்கத்து லயத்துப் பெண்களையும் கூப்பிட்டுத் தலையில் கட்டோடு நிற்கவைத்து அள.

கொக்கித்தடிக்குக் கைப்பிடி வேண்டும். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் கொய்யாவில் முடிச்சில்லாத கிளையாகப் பார்த்து இப்போதே வெட்டி, இரண்டு முனையிலும் பழைய பெயின்ட் பூசி நிழலில் போட்டுவை. பூசாவிட்டால் முனையிலிருந்து வெடித்துக்கொண்டு வரும். அது காய்வதற்குள் ஸ்பிரிங் பட்டையும் தலை தேய்ந்த கோடரியும் தேடிப்பிடி. கொல்லர் போயா நாளில் உலை மூட்டமாட்டார், மற்ற நாள் பார்த்து வா. நானும் வருகிறேன்.

உன் பெரியப்பா