சுயவிருப்பும் நியதியும்: 1848 மாத்தளைக் கிளர்ச்சி வழியாக ஒரு விளக்கம்



1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை வரலாற்றுப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். "கிளர்ச்சிக்கான காரணங்கள் யாவை?" என்ற வினாவுக்கு வரிகளை வரிசையாக எழுதிப் புள்ளி பெறுவது எளிது. ஆனால் அதற்குள் இன்னொரு வினா மறைந்துள்ளது. காரணங்கள் இருந்தமையால் கிளர்ச்சி தானாகவே நிகழ்ந்ததா? அல்லது மனிதர்கள் தீர்மானித்தமையால் நிகழ்ந்ததா? அரசியல் தத்துவத்தில் இது பழைமையான பிரச்சினையாகும். குடியியற் கல்வியில் உரிமை, பொறுப்பு என்பவற்றை விளங்கிக்கொள்ளவும் இது உதவும்.

1. அடிப்படைக் கருத்துகள்

சுயவிருப்பு: மனிதன் தன் முன்னுள்ள வழிகளுள் ஒன்றைத் தானே தெரிவுசெய்ய வல்லவன் என்னும் கருத்து.

நியதிவாதம்: ஒவ்வொரு நிகழ்வும் அதற்கு முந்திய காரணங்களால் நிர்ணயிக்கப்படுகின்றது, மனிதனின் தீர்மானமும் இதற்கு விலக்கல்ல என்னும் கருத்து.

விதிவாதம்: நாம் என்ன செய்தாலும் நடப்பது நடந்தே தீரும் என்னும் கருத்து. "எல்லாம் தலையெழுத்து" என்று ஊரில் சொல்வது இதுவே.

பலர் நியதிவாதத்தையும் விதிவாதத்தையும் ஒன்றெனக் கருதுகின்றனர். அது தவறு. நியதிவாதி முயற்சியையும் ஒரு காரணமாக ஏற்பார். விதிவாதியோ முயற்சியால் பயனில்லை என்பார். திருக்குறளில் ஊழின் வலிமையைக் கூறும் அதிகாரமும் (38ஆவது) முயற்சியின் சிறப்பைக் கூறும் ஆள்வினையுடைமை அதிகாரமும் (62ஆவது) ஒரே நூலில் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். இந்தப் பிரச்சினை நம் மொழிக்குப் புதியதன்று.

2. மாத்தளையில் நிகழ்ந்தது

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் உறுதி காட்ட முடியாத காடுகளும் சேனை நிலங்களும் அரசுக்குரியனவாகின. அவற்றுள் பெரும்பகுதி கோப்பித் தோட்டங்களாயின. 1847இல் கோப்பி விலை வீழ்ச்சியடைய அரசாங்கத்தின் வருமானமும் வீழ்ச்சியடைந்தது. தேசாதிபதி டொரிங்டன் 1848இல் புதிய வரிகளை விதித்தார்.

• துப்பாக்கி அனுமதிப்பத்திரத்திற்கு 2 சிலிங் 6 பென்ஸ்
• நாய் ஒன்றிற்கு 1 சிலிங்
• 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்தல் அல்லது 3 சிலிங் செலுத்துதல்
• கடைகளுக்கான வரி

யூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவருக்குத் துணைநின்றார். யூலை 28இல் கிளர்ச்சிக்காரர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தனர். மறுநாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டனர். புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா செப்ரெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டு, கசையடி வழங்கப்பட்டு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

3. நியதிவாதியின் விளக்கமும் அதற்கு மறுப்பும்

நியதிவாதி கூறுவது: நிலம் பறிபோயிற்று, கோப்பி விலை சரிந்தது, வரி கூடியது. இவை சேர்ந்தால் கிளர்ச்சி வெடிப்பது இயல்பு. புரன் அப்பு இல்லாவிடின் இன்னொருவர் தலைமை தாங்கியிருப்பார்.

சுயவிருப்பை ஏற்பவர் கூறுவது: புதிய வரிகளை எதிர்த்தோர் எல்லோரும் ஒரே வழியில் செல்லவில்லை. கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகையாசிரியர் டாக்டர் கிறிஸ்ரோபர் எலியட் முதலியோர் எழுத்தாலும் மனுவாலும் எதிர்த்தனர். மாத்தளை, குருநாகல் பகுதிகளில் மக்கள் ஆயுதம் ஏந்தினர். கண்டிப் பிரதானிகள் பெரும்பாலோர் முன்வரவில்லை. கரையோரத்து மொறட்டுவையிலிருந்து வந்த புரன் அப்புவோ முன்வந்தார். காரணம் ஒன்றாயிருந்தும் செயல் வேறுபட்டது. ஆகவே இடையில் மனிதனின் தீர்மானம் இருக்கின்றது.

இதற்கு நியதிவாதி ஒரு பதில் வைத்திருப்பார். கொழும்பின் சூழ்நிலையும் மாத்தளையின் சூழ்நிலையும் வேறு. எல்லாக் காரணங்களையும் அறிந்தால் வேறுபாட்டையும் விளக்கலாம் என்பார். இந்தப் பதிலை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. விடை எழுதும்போது இரு பக்கத்தையும் குறிப்பிடுங்கள்.

4. இதனால் அரசியலுக்கு என்ன?

கிளர்ச்சியின் பின் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு குழுவை நியமித்து விசாரித்தது. அங்கு எழுந்த வாதமும் இதுவே. கிளர்ச்சி சில சதிகாரரின் விருப்பத்தால் நிகழ்ந்தது என்றால் குற்றம் அவர்களுடையது. வரிச்சுமையால் நிகழ்ந்தது என்றால் குற்றம் அரசாங்கத்தினுடையது. எனவே "காரணம் எது?" என்ற வினா "பொறுப்பாளி யார்?" என்ற வினாவாக மாறியது. டொரிங்டன் 1850இல் பதவி நீங்கி நாடு திரும்ப நேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். கோப்பி விலை வீழ்ந்தமை டொரிங்டனின் தெரிவன்று. வருமானம் தேடவேண்டிய நெருக்கடியும் அவர் விரும்பியதன்று. ஆனால் அச்சுமையைக் கிராமத்து ஏழை மீது சுமத்தியதும், சரணடைந்த நாட்டில் இராணுவச் சட்டத்தை ஒக்டோபர் வரை நீடித்ததும் தெரிவுகளே. நெருக்கடி வழிகளைக் குறைக்கும், ஒரே வழியாக்கிவிடாது. "வேறு வழியில்லை" என்று ஆட்சியாளர் சொல்லும்போது, உண்மையில் எத்தனை வழிகள் இருந்தன என்று கேட்பதே குடிமகனின் கடமை.

5. சிந்தனையாளர்களின் கருத்துகள்

தோமஸ் ஹொப்ஸ் (லெவியதன், 1651): சுதந்திரம் என்பது வெளித் தடை இல்லாமை. சுது கங்கை நீர் பள்ளம் நோக்கி ஓடுவது நியதி; அணை இல்லாவிடின் அது தடையின்றியும் ஓடுகின்றது. எனவே நியதியும் சுதந்திரமும் ஒன்றாக இருக்கலாம் என்பது இவரது நிலைப்பாடு.

கார்ல் மார்க்ஸ்: வரலாற்றை மனிதரே ஆக்குகின்றனர்; ஆனால் தாம் விரும்பிய சூழ்நிலையில் அல்ல, முன்னோர் விட்டுச்சென்ற சூழ்நிலையிலேயே ஆக்குகின்றனர் என்றார். இவரும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை வெளிவந்ததும் 1848இலேயே.

ஐசையா பேர்லின் (1909–1997): வரலாறு முழுவதும் தவிர்க்க முடியாதது எனக் கொண்டால் எவரையும் பாராட்டவோ கண்டிக்கவோ முடியாது எனச் சுட்டிக்காட்டினார்.

6. தோட்டத் தொழிலாளரின் தெரிவு

ஹொப்சின் விளக்கம் போதுமானதா என்று சோதிக்க மாத்தளையிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர் அடிமைகள் அல்லர், சட்டப்படி சுதந்திரமானவர்கள். ஆனால் ஊரில் பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் துரத்தின. வழியில் நோயால் பலர் மடிந்தனர். தோட்டத்தை அடையுமுன்பே கங்காணியிடம் கடனாளியாயினர். துண்டு முறையின் கீழ், கடன் தீராதவர் வேறு தோட்டத்தில் வேலை பெறுவது கடினம். கால்களில் விலங்கில்லை, ஆயினும் போக வழியில்லை. துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். அதைத் தலைவிதி என்று ஏற்றிருக்கலாம். ஆனால் 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. நீண்ட போராட்டங்களுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற வழிசெய்தது. சட்டம் மனிதர் எடுத்த தீர்மானம். ஆகவே மனிதரால் மாற்றப்படக்கூடியது.

7. நினைவிற் கொள்க

• சூழ்நிலை தெரிவின் எல்லையைக் குறிக்கின்றது. தெரிவை முற்றாக நீக்குவதில்லை.
• வழிகள் கூடுதலாக உள்ளவருக்கே பொறுப்பும் கூடுதல். தேசாதிபதியின் பொறுப்பையும் சேனைப் பயிர்ச்செய்கையாளரின் பொறுப்பையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.
• நல்ல அரசியலின் நோக்கம் மக்களின் உண்மையான தெரிவுகளைப் பெருக்குவதாகும். பாடசாலை, வாக்குரிமை, நிலவுரிமை என்பன இதற்கான கருவிகள்.

8. பயிற்சி வினாக்கள்

(1) நியதிவாதத்திற்கும் விதிவாதத்திற்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
(2) "1848 கிளர்ச்சி தவிர்க்க முடியாதது." இக்கூற்றுக்குச் சார்பாகவும் எதிராகவும் இரண்டு நியாயங்கள் வீதம் தருக.
(3) துண்டு முறையின் கீழ் வாழ்ந்த தொழிலாளி சுதந்திரமானவரா? ஆராய்க.

வினா 3க்கான விடைக் குறிப்பு: ஹொப்சின் கருத்துப்படி வெளித் தடை இல்லையெனில் சுதந்திரமானவர் எனலாம். ஆனால் கடனும் துண்டும் வேறு வழிகளை அடைத்தன. ஆகவே சட்டத்தில் சுதந்திரம் இருந்தது. நடைமுறையில் அது மிகக் குறைவு என முடிவுசெய்க. உங்கள் முடிவு வேறாயின் அதற்கான நியாயத்தைத் தெளிவாக எழுதுக.

மாணவர்களே, "எங்கள் ஊர்ப் பிள்ளைகளால் இவ்வளவுதான் முடியும்" என்று யாரேனும் கூறினால் அது நியதிவாதமா, விதிவாதமா என்று முதலில் இனங்காணுங்கள். வீட்டு வறுமையும் பாடசாலையின் குறைபாடும் உண்மையான காரணங்களே. அவற்றை மறைக்க வேண்டாம். இன்று மாலை புத்தகத்தைத் திறப்பதும் ஒரு காரணம்தான். அந்தக் காரணம் உங்கள் கையில் உள்ளது.