பிரசவமானவருக்குத் தலைவலியா? தள்ளிப்போடாதீர்கள்!

கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி ஆறு வாரம் வரையிலும் ரத்தம் எளிதாக உறையும். பிரசவ ரத்தப்போக்கை அடக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. சிலருக்கு மட்டும் மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துவிடும்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்துக்குக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து இந்தப் பத்தியத்தை விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் அடைப்புக்கான வாய்ப்பு கூடும். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரை அருகில் வையுங்கள். மருத்துவர் சம்மதித்தவுடன் எழுந்து நடக்கட்டும்.

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, படுத்தால் அதிகமாகும் வலி, ஓயாத வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல்: இவற்றில் எது வந்தாலும் தூக்கம் கெட்டதால்தான் என்று தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொட்டாலும் அவசரம்தான். மருத்துவமனையில் முதல் வார்த்தையாகப் பிரசவமான தேதியைச் சொல்லுங்கள். எந்த ஸ்கேன் எடுப்பது என்பதை அது தீர்மானிக்கும்.

இந்த அடைப்புக்குச் சிகிச்சையாகத் தரும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். பின்னாளில் கருத்தடை மாத்திரை கேட்கும்போது இந்த அடைப்பு வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது.