கரிமருந்து வாங்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பழைய துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்ததாகவும், குழல்வாயில் மருந்து போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். கடையில் சுவிஸ் டப்பா, பிரெஞ்சு வெக்தான் டப்பா, ஜெர்மன் வானோ டப்பா என்று மூன்று இருக்கின்றன, மூன்றும் மூன்று விலை, எதை வாங்க என்று கேட்கிறாய். 'சொல்தாவாக இருந்த மாமாவுக்குத் தெரியாததா' என்று ஐஸ் வேறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் எங்களுக்குத் தந்தது புகையில்லா மருந்துத் தோட்டா. கரிமருந்தை நான் பழகியது அதற்கப்புறம், உன்னைப்போல ஆசைக்கு ஒரு கழகத்தில் சேர்ந்து.

மூன்று டப்பாவிலும் சரக்கு ஒன்றுதான். முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். இந்தக் கணக்கு சில நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. விலை மாறுவது வேறு காரணத்தால்: வெடியுப்பு எவ்வளவு சுத்தம், கரி எந்த மரத்துக் கரி, மணி எவ்வளவு கெட்டி, எவ்வளவு சீர்.

ஐப்பசி மழையில் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்கு வந்தால் கல்லுப்பு மூட்டைகளைப் பார். ஒன்று சாக்கு நனைய நீர்விட்டுக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று பொலபொலவென்று கிடக்கும். மக்னீசிய உப்பு கலந்த மூட்டைதான் அப்படிக் கசியும். வெடியுப்பும் அதே சாதி. அது, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சுத்தமாக இருந்தால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. சோடியம், கால்சியம் நைட்ரேட்டுகள் கூட இருந்தால் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும், மருந்து மந்தமாகும்.

அந்த வெடியுப்புக்கு நம் ஊரோடு ஒரு உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் எல்லாம் அதற்காகப் பீகாரில், பாட்னா பக்கம், மொய்த்துக் கிடந்தன. பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு சந்திரநாகூர் வழியாகக் கப்பல் ஏறியது. துய்ப்ளெக்ஸ் இங்கே கவர்னராக வருமுன் அங்கேதான் இருந்தார். 1757 மார்ச்சில் சந்திரநாகூரை இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள், ஜூனில் பிளாசி. அடுத்த ஆண்டு பீகார் வெடியுப்பு வாங்கும் தனியுரிமை அவர்கள் கைக்குப் போயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் வீடு நிற்கிறதே, நாட்குறிப்பு எழுதிய அந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. நாலு நாள் முன்பு, 12ஆம் தேதி, காலமாகிவிட்டார். வெடியுப்புத் தீர்ந்ததால் ஊர் விழுந்தது என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் பிரெஞ்சுத் தளபதி லல்லியைச் சரணடைய வைத்தது பட்டினி.

வெடியுப்புப் பஞ்சம் பிரான்சில்தான் உறைத்தது. தொழுவத்து மண்ணையும் பழஞ்சுவர்களையும் நிலவறைகளையும் சுரண்டி உப்புக் காய்ச்சும் பழைய முறையையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. 1775இல் அமைச்சர் துர்கோ மருந்து நிர்வாகத்தைத் தனியார் குத்தகையிலிருந்து பிடுங்கி, பொறுப்பை நாலு பேரிடம் கொடுத்தார். அதில் ஒருவர் லவோசியே. நவீன வேதியியலுக்குத் தகப்பன் என்கிறார்களே, அவரேதான். வெடியுப்பைச் சுத்தம் செய்வதை அவர் காலத்தில் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். எஸ்ஸோன் மருந்தாலையில் அவரிடம் தொழில் கற்ற ஏலுதேர் இரேனே துய்போன் அமெரிக்கா போய் 1802இல் டெலவேரில் சொந்த ஆலை தொடங்கினார். துபாண்ட் கம்பெனியின் பிறப்பு அது. 1970களில் அவர்கள் கரிமருந்துத் தொழிலைக் கைமாற்றிவிட, 'கோயெக்ஸ்' என்ற பெயர் வந்தது. கோயெக்ஸ் ஆலையை 2021இல் மூடுவதாக அறிவித்தார்கள். 2022இல் பொம்மை ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. அமெரிக்கக்காரர்கள் ஒப்பிட உட்கார்ந்தால் பெரும்பாலும் கோயெக்ஸைத்தான் அளவுகோலாக வைப்பார்கள்.

உன் சுவிஸ் டப்பா வோ மாநிலத்து ஒபோன் ஆலையிலிருந்து வருவது, 1853இல் தொடங்கியது. அதன் புகழ் கரியால் வந்தது. பிரான்சில் நீங்கள் பூர்தேன் என்று சொல்கிற புதர்மரத்தின் கரி. மென்மையான மரம், சாம்பல் குறைவு, சட்டென்று பற்றும். நம் நாட்டில் துவரை மாரையும் எருக்கங்குச்சியையும் கரியாக்கியது இதே குணத்துக்காகத்தான். ஒரே அளவு மருந்துக்கு சுவிஸ் பொதுவாகக் கோயெக்ஸைவிட வேகமாகக் குண்டைத் தள்ளும். அதனால், ஒரு டப்பாவுக்குப் பழகிய அளவை அப்படியே இன்னொரு டப்பாவுக்குக் கொண்டுபோகாதே. துப்பாக்கி செய்தவர் சொன்ன வரம்புக்குள், சிறிய அளவிலிருந்து தொடங்கு.

மணியின் எண்ணைப் படிப்பதிலும் ஏமாறுவார்கள். அமெரிக்க டப்பாவில் 'எஃப்' எழுத்து கூடக்கூட மணி பொடியாகும். சுவிஸில் எண் கூடக்கூட மணி பருக்கும். சுவிஸ் 2 என்பது மூன்று எஃப், சுவிஸ் 3 என்பது இரண்டு எஃப். பொடிமணி வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். அதைக் கைத்துப்பாக்கிக்கும் சிறு குழலுக்கும், பருமணியைப் பெரிய குழலுக்கும் என்பது பொது வழக்கு. கடைக்காரர் 'ரெண்டுதான் சார்' என்றால், எந்த நாட்டு ரெண்டு என்று கேள்.

இனி சோதனை. 14ஆம் லூயி 1686இல் ஒரு விதி போட்டார். சிறு பீரங்கி ஒன்றில் 3 அவுன்ஸ் மருந்து போட்டு 60 ராத்தல் குண்டை வைத்துச் சுட வேண்டும், குண்டு குறைந்தது 50 துவாஸ், அதாவது நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைய, போய் விழ வேண்டும். அவ்வளவு தூரம் தள்ளாத மருந்தை அரசு வாங்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குட்டைக் குழலில் ஜெயித்த மருந்து நீண்ட குழலிலும் ஜெயிக்கும் என்று அது சொல்லாது. இன்றைக்கு 'இத்தனை மீட்டர் வேகம்' என்று பேசுகிறவர்களுக்கும் இதே பதில்தான். வேகமானி வைத்துப் பார், வேண்டாமென்று சொல்லவில்லை. பார்க்கும்போது எது அதிகம் என்பதைவிட, சுடுகைக்குச் சுடுகை எவ்வளவு மாறுகிறது என்று கவனி. ஐம்பது மீட்டர் அட்டையில் துளைகள் நெருங்கி விழுவதற்கு வேகத்தைவிடச் சீர்தான் வேண்டும். விலை கூடின டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு அதற்குத்தான்.

கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும். புகையும் அதுதான், குழலில் படியும் கசடும் அதுதான். சில மருந்தின் கசடு ஈரமாக, வழித்தால் வரும். சிலது காய்ந்து கெட்டியாகி, நாலாவது குண்டை இறக்கவிடாது. இதையும் எழுதி வை. சுட்ட அன்றே சோப்புத் தண்ணீரில் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடு. கசடு ஈரம் இழுத்து ஒரே இரவில் துருவேற்றும்.

மூன்று விஷயத்தில் மட்டும் மாமா கண்டிப்பு. 1884இல் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் வழிவந்தது எதையும், ஒரு சிட்டிகைகூட, அந்தக் குழலில் போடாதே. குழல் பிளக்கும். அடுத்தது, வீட்டில் கலந்து பார்க்கும் ஆசை. 1788 அக்டோபரில் எஸ்ஸோனில் லவோசியே குழு புதுக் கலவை ஒன்றைச் சோதித்தபோது வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். லவோசியேவே சற்று நகர்ந்திருந்ததால் பிழைத்தார். மருந்தை நேராகக் குடுவையிலிருந்து குழலில் ஊற்றுவதும் கூடாது. உள்ளே கங்கு இருந்தால் குடுவையே வெடிக்கும். ஒவ்வொரு சுடுகைக்கும் முன்கூட்டி அளந்த சிறு குப்பிகளைத்தான் சர்வதேசப் போட்டிகளில் ஏற்கிறார்கள்.

பொங்கலுக்கு வரும்போது மாமாவுக்குக் காட்ட ஒரு டப்பா எடுத்து வருகிறேன் என்றாயே, வேண்டாம். விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இங்கே 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்கின்றன. 'நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்' என்று பேப்பரில் வருகிற செய்தியில் உன் பெயரைப் படிக்க உன் அம்மாவுக்குத் தெம்பில்லை.

எதை வாங்க என்பதற்குப் பதில்: சுவிஸ் ஒன்று, வெக்தான் ஒன்று, இரண்டும் சின்ன டப்பா. உன் குழல் எதை விரும்புகிறது என்று அதனிடமே கேள். ஒரே கம்பெனியிலும் தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் மாறும், ஆகவே டப்பாவின் அடியில் அச்சடித்த தொகுதி எண்ணை ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எழுது. பொங்கலுக்கு அந்த அட்டைகளைக் கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா