ஒளியிலிருந்து எழுத்துக்கு: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்

ஓவியம் என்றால் கண்டதை அப்படியே வரைவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 1874ஆம் ஆண்டு பாரிசில் கண்காட்சி நடத்திய மனப்பதிவுவாத ஓவியர்கள் இவ்வெண்ணத்தை மாற்றினர். பொருளைவிட அதன்மீது விழும் ஒளிக்கே அவர்கள் முதன்மை தந்தனர். குளோட் மோனேயின் சூரியோதய ஓவியத்தின் தலைப்பே இவ்வியக்கத்திற்குப் பெயரானது. இவ்வழியில் தொடங்கி, பின் தமக்கெனத் தனிவழி கண்டவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுத் தந்தி இலாகாவில் பணியாற்றினார். ஆயினும் தூரிகையை விடவில்லை. 1936இல், ஏறக்குறைய 25 வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கு முதல்வராக இருந்தார்.

தென்னை மரங்கள், நீர்நிலைகள், வெயில் ஆகியவை பணிக்கரின் தொடக்கக்கால நீர்வண்ண ஓவியங்களில் ஒளிர்ந்தன. அவற்றால் பாராட்டும் பெற்றார். பின்னர் வான்கோ, கோகேன் ஆகியோரின் தாக்கத்தால் வண்ணங்கள் அழுத்தமாயின. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

மேலைநாட்டுப் பாணியைக் கற்றாயிற்று. நம் மண்ணின் ஓவியம் எது? இக்கேள்விக்கு விடையாக 1963 முதல் அவர் வரைந்தவையே 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை. பிரிக்பீல்ட்ஸ் சோதிடர் மேசையில் நாம் காணும் ராசிக் கட்டம் போன்ற வடிவங்கள் அவற்றில் இடம்பெற்றன. எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்திருக்கும். ஆனால், அவற்றைப் படிக்க முடியாது! எழுத்தைப் பொருளுக்காக மட்டுமின்றி, அதன் வடிவழகுக்காகவும் காணலாம் என்பதை அவை உணர்த்துகின்றன. தமிழ் பயிலும் நமக்கு இது புதிய பார்வையன்றோ?

கலைஞன் எப்படிப் பிழைப்பது என்பதையும் பணிக்கர் சிந்தித்தார். 1957 முதல் 1967 வரை தாம் பயின்ற பள்ளிக்கே முதல்வராக இருந்த அவர், 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். நம் நாட்டில் புகழ்பெற்ற பாத்தேக் கலையைப் போன்ற துணி ஓவியங்களையும் கைவினைப் பொருள்களையும் விற்று, அவ்வருவாயில் ஓவியர்கள் அங்கு வாழ்ந்தனர்.

1977இல் பணிக்கர் மறைந்தார். பாராட்டுப் பெற்ற பாணியிலேயே அவர் தங்கியிருக்கலாம், தங்கவில்லை. பிறரிடம் கற்பது தொடக்கம். தன்னைக் கண்டடைவதே வளர்ச்சி. ஓவியத்திற்கு மட்டுமா இது பொருந்தும்? பேனா பிடிக்கும் நமக்கும் பொருந்தும்.