ஈரம் காயாத தடம்

அன்புள்ள தம்பிக்கு,

தை மாதம் முதுமலை வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். நல்ல நேரத்தில்தான் போகிறாய். மழை ஓய்ந்து, பனி இறங்கி, கடமான்கள் இணைசேரும் பருவம் முடியப்போகும் சமயம் அது. நவம்பரிலும் டிசம்பரிலும் உச்சத்தில் இருந்த ஆரவாரத்தின் அடையாளங்கள் காடெங்கும் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை பழையவை. எது இன்று காலையில் பதிந்தது, எது போன மாதத்தது என்று பிரித்தறிவதுதான் நீ முதலில் கற்க வேண்டியது. அடையாளம் இருக்கும் இடத்தைக் கண் காட்டிவிடும். அதன் வயதை அறிய மூக்கும் வேண்டும்.

முதலில் காற்று. குளிர்ந்த விடியலில் கனத்த காற்று சரிவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் மேல்நோக்கி எழும். அதனால் காலையில் ஓடைப் பள்ளத்தில் நிற்பவனுக்கு மேட்டின் வாசனைகள் வந்து சேரும். எந்த விலங்கின் வாடை வந்தாலும் அது காற்று வரும் திசையில் இருக்கிறது. அந்த விலங்குக்கு உன் வாடை இன்னும் போய்ச் சேரவில்லை. இதை மறக்காதே. எதிர்பாராமல் மிக நெருங்கிவிடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். ஈரக் காற்றில் மூக்கு நன்றாக வேலை செய்யும். உச்சி வெயிலில் பாதி வாசனை எட்டாது.

இனி மரங்களைப் பார். ஆண் கடமான் கொம்பில் போர்த்திய மென்தோலை உரித்தெறியவும், பிறகு தன் இருப்பைப் பறைசாற்றவும் மரத்தில் கொம்பைத் தேய்க்கும். பட்டை உரிந்து உள்மரம் வெளுப்பாகத் தெரியும். புள்ளிமானும் இப்படித் தேய்க்கும். ஆனால் அது உயரம் குறைந்தது. ஆள் மார்புக்கு மேலே உரசல் இருந்தால் பெரும்பாலும் கடமான்தான். இதை விதியாக்கிவிடாதே, ஏனென்றால் இரண்டுமே பின்னங்காலில் எழுந்து நின்று தலைக்கு மேலுள்ள கிளைகளில் கொம்பையும் முகத்தையும் தேய்க்கும். கண்ணோரச் சுரப்பியின் மணத்தைக் கிளையில் விட்டுச்செல்லும். யானை தந்தத்தால் குத்தி உரித்த மரத்தில் பட்டை நீள நீளமாகத் தொங்கும். முள்ளம்பன்றி கடித்த இடம் மரத்தின் அடியில், பல் வரிகளோடு இருக்கும். புலி நகம் ஒன்றையொட்டி ஒன்றாக ஆழமான நெடுங்கோடுகளை விடும்.

உரசலின் வயதை மரமே சொல்லும். புதியதில் சாறு கசியும், தொட்டால் பிசுபிசுக்கும். பச்சை மர வாசம் அடிக்கும், மயிர் ஒட்டியிருக்கலாம். நாளாக ஆக உள்மரம் பழுப்பேறி, காய்ந்து, விளிம்பு சுருளும். வேங்கை மரமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். காயத்திலிருந்து சிவப்புப் பிசின் வடியும். புதிதில் பளபளத்து, பிறகு கறுத்து இறுகிவிடும்.

அடுத்தது சேற்றுக்குழி. பருவத்தில் ஆண் கடமான் சேற்றில் சிறுநீர் கழித்து, அதிலேயே புரண்டு, கழுத்துப் பிடரியெல்லாம் பூசிக்கொள்ளும். அந்தக் குழியை நெருங்கும்போது கிடாயின் மொச்சை வாடை போலக் காட்டமாக அடிக்கும். காட்டுப்பன்றியும் சேற்றில் புரளும் என்பதால் சுற்றுப்புறத்தைப் பார். பன்றி புரண்ட இடத்தில் மண் கிளறியிருக்கும், பக்கத்து மரங்களில் சேறு தாழ்வாக அப்பியிருக்கும். கடமான் புரண்ட இடத்தில் சேறு உயரத்தில் இருக்கும். குளம்புத் தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்து, குழியின் நீர் கலங்கி, வாடையும் தூக்கலாக இருந்தால் அது சற்று முன்பு வந்துபோன இடம். சேறு வெடித்து, வாடை மங்கியிருந்தால் பருவம் அங்கே கடந்துபோய்விட்டது.

பருவ இறுதியிலும் புதிய குழி எப்படி இருக்கும் என்று கேட்பாய். எல்லாப் பெண் மான்களும் ஒரே வாரத்தில் பருவத்துக்கு வருவதில்லை. சினை பிடிக்காதது சில வாரங்களில் மறுபடி பருவத்துக்கு வரும். அதனால் சில ஆண்கள் தையிலும் ஓயாமல் அலையும். பெண் சிறுநீர் விட்ட இடத்தில் ஓர் ஆண் முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, தலையை உயர்த்தி அசையாமல் நின்றால் விலகி நின்று கவனி. வாயின் மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்புக்கு அந்த மணத்தை ஏற்றி, பெண் தயாரா என்று அறிந்துகொள்கிறது. கழுத்தின் முன்பக்கம் சிவந்து மயிர் உதிர்ந்த திட்டு ஒன்றையும் கடமான்களிடம் காணலாம். அடிபட்ட புண் என்று உடனே எழுதிவிடாதே. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், பெண் இரண்டிலும் அது தென்படுவதுண்டு.

அதே நாளில் புள்ளிமான் கூட்டத்தில் மென்தோல் போர்த்த கொம்போடு கிடாய்களைப் பார்ப்பாய். குழம்பாதே. புள்ளிமானின் இணைசேர்க்கை கோடையில்தான் உச்சம் காணும். ஒரே காட்டில் இரண்டு மான்கள் இரண்டு நாட்காட்டிகளின்படி வாழ்கின்றன. கடமானுக்கு எட்டு மாதத்தை ஒட்டிய சினை. அதனால் இப்போது சினையானவற்றின் குட்டிகள் அடுத்த மழைக்காலத்தில்தான் பிறக்கும்.

இப்போது சொல்பவை உன் உயிருக்காக. மரத்தடியிலோ புதரோரத்திலோ பாசுமதி அரிசி வேகும் மணம் வந்தால் நின்றுவிடு. புலி வாலை உயர்த்திப் பின்னோக்கிப் பீய்ச்சும் நீரில், வாசனை அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருக்கிறது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ரத்தன்லால் பிரம்மச்சாரி புலியின் மணங்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து நமக்குச் சொன்ன செய்தி இது. மரநாயும் ஏறக்குறைய இதே மணத்தை விடும். எதுவென்று துருவிப் பார்க்க நீ போக வேண்டாம். கூட வரும் காவலரிடம் மெல்லச் சொல். முடை நாற்றம் அடித்தால் அங்கே இரை கிடக்கலாம், அதற்கு உரியது பக்கத்திலேயே படுத்திருக்கலாம். வந்த வழியே திரும்பு. மதம் பிடித்த யானையின் நெடி காட்டமானது. கன்னத்தில் கருங்கோடாக மதநீர் வழிந்திருப்பதைக் காணும் தூரத்துக்கு நீ போகவே கூடாது.

உன்னோடு நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பிறந்து அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள். அவர்கள் நின்றால் நில். அவர்கள் முகர்வதை நீயும் முகர்ந்துவிட்டு, என்னவென்று கேள். நீயாக ஊகித்ததை முதலில் சொல்லிவிடாதே. சொன்னால் உன் மனம் வருந்தக்கூடாதென்று ஆமாம் போட்டுவிடுவார்கள்.

வாசனைத் திரவியம், மணக்கும் சோப்பு, கொசு விரட்டிக் களிம்பு எல்லாவற்றையும் அந்த நாட்களில் விட்டுவிடு. உதிர்ந்த கொம்பு கிடைத்தாலும் எடுக்காதே. வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், காட்டில் கிடந்தால் முள்ளம்பன்றிக்காவது கொறிக்க ஆகும். சேற்றுக்குழியருகே காத்திருந்து படமெடுக்காதே. பருவம் முழுக்கச் சரியாக மேயாமல் மெலிந்த ஆண் மானுக்கு உன்னால் ஓட நேர்ந்தால் அதுவே பெரும் செலவு.

ஒவ்வொரு அடையாளத்துக்கும் நோட்டில் நான்கு விவரம் எழுது: இடம், உயரம், ஈரமா காய்ந்ததா, என்ன வாடை. வயது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. ஊகத்தை உண்மையாக எழுதினால் அடுத்து வருபவர் உன் பிழையின் மேல்தான் கணக்குப் போடுவார். நோட்டை எனக்கு அனுப்பு, சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
உன் அக்கா